சரிபங்காக விழுங்கியவர்

தனபால் அண்ணாச்சியை அவர் பெற்ற மூன்று பிள்ளைகளும் சேர்ந்து கொன்றார்கள். சேர்ந்து என்று சொல்வது தவறு. அவர்கள் சேர்ந்து எதையும் செய்வதில்லை. ஒருவர் செய்வது இன்னொருவருக்குத் தெரியாமல், தனித்தனியாக, பாசத்தோடு கொன்றார்கள்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் அவருடைய அச்சகத்தில் வேலை பார்த்தவர்கள். சிலர் அவரிடம் காலண்டர் ஆர்டர் கொடுத்தவர்கள். இறந்தவரைப் பற்றி எழுதும்போது இப்படியா ஆரம்பிப்பது என்று கேட்பீர்கள். நான் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தவள். பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

செய்தி வந்தபோது நான் வேலை பார்க்கும் வேறொரு அச்சகத்தில் இருந்தேன். காலண்டர் சீசன். ஒரு லட்சுமி படத்துக்குக் கீழே ஏதோ ஊர் மிட்டாய்க் கடையின் பெயரைப் பொருத்திக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி வீட்டில் சமையல் செய்யும் மாரியம்மா அக்கா போன் செய்தார்.

“பாப்பா, மொதலாளி போயிட்டாக.”

“எப்பக்கா?”

“தெரியலையே. காப்பி கொண்டுபோயி வச்சேன். கண்ணு தெறந்துதான் இருந்துச்சு. நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே கெடக்கேன். கறிக்காரன் ஏமாத்திட்டான், மோட்டாரு ஓடலன்னு என்னென்னத்தையோ பேசுதேன். பதிலே இல்ல. கோவமா இருக்காகன்னு நெனச்சேன் பாப்பா.”

அன்று மதியமே சின்ன மகனின் ஆள் எங்கள் அச்சகத்துக்கு வந்தார், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி அடிக்க. நான்தான் வடிவமைத்தேன். கீழே ‘அன்பு மகன்’ என்று ஒரு பெயர் மட்டும் போட வேண்டும் என்றார். மற்றவர்கள் பெயர் என்று இழுத்தேன். “அவுக அவுக பாத்துப்பாக” என்றார். பார்த்துக்கொண்டார்கள். சாயங்காலம் திருத்தங்கல் பேருந்து நிறுத்தச் சுவரில் மூன்று சுவரொட்டிகள் இருந்தன. பெரிய மகன் போட்டதில் அண்ணாச்சி சங்கக் கூட்டத்து மாலையோடு சிரித்தார். சின்ன மகன் போட்டதில் கறுப்புக் கண்ணாடி அணிந்திருந்தார். மகள் போட்டது ஏதோ கல்யாணப் படம். பக்கத்தில் நின்றவரை வெட்டியதில் அந்த ஆளின் தோள் மட்டும் மிஞ்சியிருந்தது. டீக்கடையில் நின்ற ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்: “ஏலே, தனபால் அண்ணாச்சின்னு ஊர்ல மூணு பேரா இருந்தாக?”

சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டுத்தான் அழுதேன்.

மல்லாங்கிணற்றிலிருந்து வேலைக்காக இங்கே வந்து, தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு தேடிய நாட்களில் பல கதவுகள் சாத்தப்பட்டன. அண்ணாச்சி கதவைச் சாத்தவில்லை. ஆனால் எல்லாரும் கேட்டதை அவரும் கேட்டார்.

“நீங்க என்ன ஆளுக?”

“எதுக்கு அண்ணாச்சி?”

“எதுக்கா? கேக்கது வழக்கம்.”

“சொல்லுறது எனக்கு வழக்கமில்ல.”

“சரி. மோட்டாரு காலையில ஒருக்காதான் போடுவேன். பிடிச்சு வச்சிக்கிடணும்” என்றார். அவரைப் பெரிய முற்போக்காளர் ஆக்க எனக்கு விருப்பமில்லை. கேட்டார், பதில் கிடைக்காதபோது விட்டார். இந்த ஊரில் அதுவே அபூர்வம்.

மனைவி இறந்த பிறகு அவர் சொத்தைப் பிரித்த கதை உங்களுக்குத் தெரியும். இயந்திரங்களுக்கும் இடத்துக்கும் மதிப்புப் போட்டுப் பிரித்ததோடு நிற்கவில்லை. மீதமிருந்த மை டப்பாக்களை வண்ணம் வாரியாகப் பிரித்தார். கடைசியில் மிஞ்சிய ஒரு காகிதக் கட்டை வெட்டும் இயந்திரத்தில் கொடுத்து மூன்றாக்கினார். அமெரிக்காவில் இருக்கும் மகளுக்கான மை டப்பாக்கள் மாடிப்படிக்குக் கீழே காய்ந்து இறுகிக் கிடந்தன.

“அவுக மை டப்பாவை வச்சு என்ன செய்வாக அண்ணாச்சி?” என்று ஒருமுறை கேட்டேன்.

“என்னமும் செய்யட்டும். அவ பங்கு. ஒரு பருக்கை கூடிப்போனாலும் அது ஓரவஞ்சனைதான் தாயி.”

இவ்வளவு பார்த்துப் பிரித்தும் மூவருக்கும் தாங்கள் ஏமாற்றப்பட்டதாகவே தோன்றியது. ஒருவரோடு ஒருவர் பேசுவதை நிறுத்தினார்கள். அம்மாவின் திதிக்குப் பெரிய மகன் காலையில் வந்து போவார். அவருடைய கார் தெருமுனை தாண்டியதை உறுதி செய்துகொண்டு சென்னையிலிருந்து வந்த சின்ன மகன் இறங்குவார். மகள் செல்பேசித் திரையில் வந்து கைகூப்புவார். அண்ணாச்சி ஒவ்வொருவரோடும் ஒருமுறை இலையில் உட்கார்ந்து சாப்பிடுவார். வயிறு கொள்ளாமல் சாப்பிடுவார்.

மாத்திரைக் கதை முழங்கால் வலியில் தொடங்கியது. பெரிய மகன் மருத்துவரிடம் அழைத்துப் போனார். ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி மிகக் குறைவு என்று வந்தது. வெயிலால் உடம்பு தயாரித்துக்கொள்ளும் சத்து அது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் அண்ணாச்சி படியில் நின்றே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

“கேட்டியா தாயி? விருதுநகர் ஜில்லாக்காரனுக்கு வெயில் பத்தலையாம். வெளிய சொன்னாச் சிரிப்பாக.”

சிரிக்க ஒன்றுமில்லை. காகிதத்துக்கு ஈரப்பதம் மாறக்கூடாது, தூசி சேரக்கூடாது என்று ஜன்னலை அடைத்த இயந்திரக் கூடத்துக்குள் அவர் வாழ்நாள் போயிற்று. பொழுது விடியும்போது உள்ளே போய், அடைந்தபின் வெளியே வந்தவர். அந்தக் குறை உண்மையானது. அதற்கு மாத்திரை தேவைப்பட்டதும் உண்மை. நான் மாத்திரைக்கு எதிரி அல்ல.

பெரிய மகன், மருத்துவர் எழுதியபடி சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் டியும் சேர்ந்த மாத்திரையைத் தினமும் ஒன்று என்று கொடுத்தார். யாரோ உறவினர் வழியாகச் சேதி சென்னைக்குப் போயிற்று. அண்ணன் வாங்கிக் கொடுத்ததில் சின்ன மகனுக்கு நம்பிக்கை இல்லை. தனக்குத் தெரிந்த மருத்துவரைக் கேட்டு, வாரத்துக்கு ஒன்று சாப்பிடும் வீரியமான கேப்ஸ்யூல் அனுப்பினார். சித்தி ஒருத்தி வழியாகச் சேதி அமெரிக்காவுக்குப் போயிற்று. மகள் கைக்கு அடங்காத ஒரு பெரிய பாட்டிலை அனுப்பினார். அதிலும் அதே சத்து. மூன்றின் பெயரும் வேறு, நிறமும் வேறு. தம்பி என்ன அனுப்பினான் என்று அண்ணன் கேட்கவில்லை. அண்ணன்கள் என்ன கொடுக்கிறார்கள் என்று தங்கை கேட்கவில்லை.

அனுப்பியதோடு விட்டார்களா? விழுங்குவதைப் பார்க்கவும் வேண்டியிருந்தது. மகள் தினமும் காலையில் வீடியோ அழைப்பில் வருவார். அந்த அழைப்புக்காக அண்ணாச்சி தேய்த்த சட்டை போட்டுக்கொள்வார். காது மந்தம் என்பதால் ஒலியைக் கூட்டி வைத்திருப்பார், மாடிவரை கேட்கும்.

“அப்பா, டேப்லட் போட்டாச்சா?”

“இந்தா, போடுதேன். பாரு.”

“முழுங்குங்க. நாக்கைத் தூக்கிக் காட்டுங்க.”

அவர் காட்டுவார். இந்த ஊரின் பெரிய வியாபாரிகளை எதிரே நிற்க வைத்துப் பேசிய மனிதர், கண்ணாடித் திரைக்கு முன்னால் நாக்கைத் தூக்கிக் காட்டுவார். பிறகு, “நேத்து நம்ம தெருவுல...” என்று ஆரம்பிப்பார். “அப்பா, மீட்டிங் இருக்கு. வைக்கட்டா?” என்று குரல் வரும். “வையி தாயி” என்பார். அதன்பிறகு வீடு அமைதியாகிவிடும்.

பெரிய மகன் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். அவர் வருவதில்லை, டிரைவரை அனுப்புவார். டிரைவர் வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்று செல்பேசியை நீட்டுவார். “மொதலாளி, வாயில போடுத மாதிரி ஒரு போட்டோ. அனுப்பலேன்னா என்னைய ஏசுவாக.” சின்ன மகன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூப்பிடுவார். கேப்ஸ்யூல் நாள் அது. கேள்வியும் அது ஒன்றுதான்.

ஒருநாள் மாரியம்மா அக்கா தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். அவருடைய அம்மா தாயில்பட்டியில் இருக்கிறார். பட்டாசுக் கொட்டகையில் குத்தவைத்து உட்கார்ந்தே காலம் தள்ளியவர். இப்போது முட்டி நீட்டவும் வராது, மடக்கவும் வராது. ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லி எந்த முதலாளியும் அவரை எங்கும் கூட்டிப் போனதில்லை.

“மொதலாளி, இம்புட்டு பாட்டில் இருக்கே. எங்கம்மைக்கு ஒண்ணு எடுத்துக்கிடட்டா?”

“தொடாத. அது பிள்ளைக எனக்குன்னு அனுப்புனது.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஆயுசு முழுக்க உங்களுக்காகவும் உங்களை மாதிரி ஆளுகளுக்காகவும் உழைச்ச கூட்டம் அண்ணாச்சி. ஒரு பாட்டில் குடுத்தா என்ன கொறைஞ்சு போவீக?” என்று சத்தம் போட்டேன். அண்ணாச்சி மறுநாள் அந்த அம்மாவை சிவகாசியில் மருத்துவரிடம் காட்ட ஆட்டோ ஏற்பாடு செய்தார். ஆனால் பாட்டிலைக் கொடுக்கவில்லை. அப்போது அதைக் கஞ்சத்தனம் என்று நினைத்தேன். அந்தப் பாட்டில்களில் அவருக்கு இருந்தது என்ன என்று பிறகுதான் தெரிந்தது.

சில மாதங்களில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஓயாமல் தாகம். வயிறு கட்டிக்கொண்டது. குமட்டியது. பேசிக்கொண்டே இருக்கும்போது பேச்சு எங்கோ போய்விடும். என்னை மகளின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வயசாகிவிட்டது என்றார்கள் எல்லாரும். அப்பாவுக்குத் தெம்பில்லை என்று பெரிய மகன் ஒரு சத்து மாவு அனுப்பினார். சின்ன மகன் கேப்ஸ்யூல் இன்னும் நிறைய அனுப்பினார். மகள் புதிதாக ஒரு பாட்டில் அனுப்பினார். கூடிப்போனதால் வந்த நோய்க்கு, குறைந்துபோனது என்று நினைத்து மூன்று வீட்டிலிருந்தும் இன்னும் அதையே ஊற்றினார்கள்.

ஒரு மத்தியானம் அவர் குளியலறையில் நிதானமில்லாமல் சரிந்தார். மாரியம்மா அக்காவும் நானும் மதுரைக்குக் கொண்டுபோனோம். மருத்துவர் சின்ன வயதுப் பெண். ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து எக்கச்சக்கமாக ஏறியிருப்பதைப் பார்த்துவிட்டு, அவர் சாப்பிடும் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னார். மறுநாள் அக்கா ஒரு கட்டைப்பை நிறையக் கொண்டுவந்தார். மருத்துவர் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்து மேசையில் வைத்தார்.

“எல்லாத்துலயும் ஒண்ணுதான் இருக்கு. வாரத்துக்கு ஒண்ணுன்னு போட்டிருக்கே, இது... இதை எப்படிச் சாப்பிட்டீங்க ஐயா?”

டிரிப்ஸ் இறங்கி அண்ணாச்சி கொஞ்சம் தெளிந்திருந்தார். “தெனம் ஒண்ணு” என்றார்.

“தினமுமா? ஏன்?”

“மூத்தவனோடது தெனம் ஒண்ணு. மகளோடதும் தெனம் ஒண்ணு. சின்னவனோடது மட்டும் வாரத்துக்கு ஒண்ணா? அவன் மட்டும் என்ன பாவம் செஞ்சான்?”

மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் மாரியம்மா அக்காவைப் பார்த்தேன். கேப்ஸ்யூல் தீர்ந்து போகும்போதெல்லாம் அண்ணாச்சி அவரிடம், காலி அட்டையைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கிவரச் சொல்லியிருக்கிறார். கடைக்காரர் சீட்டும் கேட்கவில்லை, யாருக்கு என்றும் கேட்கவில்லை. பெரிய வீட்டுக்குப் போகும் சரக்கு. கேள்வி கேட்டால் வியாபாரம் கெடும். சின்ன மகன் அனுப்பிய பங்கு மற்ற இருவரின் பங்குக்கு நாளோடு நாள் சமமாகிக்கொண்டே வந்தது.

எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டு மருத்துவர் கண்டிப்பாக ஒன்று சொன்னார். சிறுநீரகம் அடி வாங்கியிருக்கிறது. இது உடம்பை விட்டு இறங்க மாதக்கணக்கில் ஆகும். இனி இவர் எதைச் சாப்பிட வேண்டும் என்பதைப் பிள்ளைகளில் ஒருவர் பொறுப்பெடுத்து முடிவு செய்ய வேண்டும். மற்றவர்கள் அதற்குக் கட்டுப்பட வேண்டும். அவர் பிழைப்பது அந்த ஒன்றில்தான் இருந்தது. மாத்திரையை நிறுத்துவதைவிட அது கடினம் என்பது மருத்துவருக்குத் தெரியாது.

மூவருக்கும் நானே போன் செய்தேன்.

பெரிய மகன் சொன்னார்: “நான் டாக்டர் எழுதுனதத்தான குடுத்தேன்? மெட்ராஸ்காரன் அனுப்புறத நிறுத்தச் சொல்லும்மா.”

சின்ன மகன் சொன்னார்: “நான் வாரத்துக்கு ஒண்ணுன்னு தெளிவாச் சொன்னேன். தினமும் குடுத்தவங்கள கேளுங்க.”

மகள் அழுதார். அழுது முடித்துச் சொன்னார்: “நான் அனுப்பினது நல்ல கம்பெனி. அண்ணன்களோடத நிறுத்தட்டும்.”

மூவரும் பொய் சொல்லவில்லை. தனியாக எடுத்தால் ஒவ்வொருவரும் அனுப்பியது சரியான மருந்துதான். மூன்றையும் சேர்த்துக் கூட்ட ஒரு போன் போதும். அதை மட்டும் யாரும் செய்யவில்லை. ‘உங்க அண்ணனுக்கு ஒரு போன் பண்ணுங்க’ என்று சின்ன மகனிடம் சொன்னபோது, அது குடும்ப விஷயம் என்று என்னிடம் சொன்னார். அதோடு வைத்துவிட்டார்.

வீடு திரும்பிய அண்ணாச்சி சில வாரங்கள் ஒரு மாத்திரையும் தொடவில்லை. சோறு இறங்கியது. பேச்சு திரும்பியது. ஆனால் போன்கள் குறைந்தன. நாக்கைக் காட்டச் சொல்ல முடியாத அழைப்பில் மகளுக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. “சாப்பிட்டீங்களாப்பா?” “ஆச்சு தாயி.” இருவரும் திரையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு எப்போதாவது. ஞாயிற்றுக்கிழமை அழைப்பு நின்றே போயிற்று. டிரைவர் வர வேண்டிய அவசியமில்லை. அண்ணாச்சி தேய்த்த சட்டையோடு செல்பேசிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதை மாடிப்படியில் இறங்கும்போது பார்ப்பேன். அது ஒலித்தால் நழுவிவிடக் கூடாது என்பதுபோல் அதன் மேல் கையை வைத்திருப்பார்.

ஒருநாள் மறுபடியும் மாடிவரை அந்தக் குரல் கேட்டது. நாக்கைத் தூக்குங்க.

இறங்கிப் போய்ச் சண்டை போட்டேன். “டாக்டர் என்ன சொன்னாக? சாகப்போறீகளா?”

“இது நின்னா போன் வராது தாயி.”

“அப்போ வாயில போட்டுக் காட்டிட்டுத் துப்பிருங்க. இல்லேன்னா மாத்திரை மாதிரி இருக்குத பல்லி முட்டாயப் போட்டு முழுங்குங்க. யாருக்குத் தெரியப்போவுது?”

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மறுநாள் மாரியம்மா அக்காவை அனுப்பிப் பல்லி மிட்டாய் வாங்கினார். ஒரே ஒருநாள் அதைப் போட்டுக் காட்டினார். மகள் நம்பிவிட்டார். அந்த நம்பிக்கைதான் அவரால் தாங்க முடியாமல் போனது. “பாசமா கேக்குதா தாயி. அந்த மொகத்தைப் பாத்துக்கிட்டு எப்படி ஏமாத்த?” என்றார். மகளுடையதை எடுத்துக்கொண்டால் மகன்களுடையதை விட முடியுமா? விடவில்லை. நானும் அக்காவும் பாட்டில்களை எடுத்து ஒளித்தோம். அவர் புதிதாக அனுப்பச் சொல்லிக் கேட்டார். மூவரும் உடனே அனுப்பினார்கள். அப்பா மறுபடி தங்கள் மருந்தைக் கேட்டதில் மூவருக்கும் சந்தோஷம்.

சிறுநீரகம் அதிக நாள் தாங்கவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழைய சம்பவம். அவர் சொல்லி நான் கேட்டது. நேரில் பார்த்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். ஒரு வருடம் அவர் அச்சகத்து நாட்காட்டியில் ஒரு அமாவாசை தவறான கிழமையில் விழுந்துவிட்டது. சரக்கு எல்லாம் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்துவிட்டது. பிழை திருத்தியவர், எழுத்துக் கோத்தவர், இயந்திரம் ஓட்டியவர் எல்லாரும் கைகாட்ட ஆளைத் தேடினார்கள். அண்ணாச்சி மூவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தார். “நீ என்ன பாத்த, நீ என்ன கோத்த, நீ என்ன ஓட்டுன? எனக்குச் சொல்ல வேண்டாம். ஒருத்தனுக்கொருத்தன் சொல்லுங்கலே” என்றார். சொல்லி முடிக்கும்வரை எழவிடவில்லை. யார் சம்பளத்திலும் கை வைக்கவில்லை. “தப்பு ஒருத்தன்கிட்ட இருக்காது. ரெண்டு பேருக்கு நடுவுல கெடக்கும்” என்றாராம். தொழிலாளிகளிடம் இதைச் செய்யத் தெரிந்தவருக்குச் சொந்தப் பிள்ளைகளிடம் செய்யத் துணிவு வரவில்லை. அது அவருடைய தோல்வி, மறைக்க மாட்டேன். அந்தக் கேள்வியை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மூவரும் ஒரே நேரத்தில் ஒரே கூடத்தில் இருந்தார்கள். சொத்தைப் பிரித்த பிறகு முதல்முறையாக அப்படி நடந்தது. ஐயர் கிளம்பியதும் நான் முன்னால் போனேன். குடித்தனக்காரிக்கு அங்கே என்ன வேலை என்று சித்தி முணுமுணுத்தது கேட்டது.

“அண்ணாச்சிக்கு நீங்க மூணு பேரும் என்ன அனுப்புனீகன்னு எங்கிட்ட சொல்ல வேண்டாம்” என்றேன். “இப்படி உக்காந்து ஒருத்தருக்கொருத்தர் சொல்லுங்க. இன்னைக்காவது.”

பெரிய மகன் பந்திக்கு இலை போடச் சொல்லிக் குரல் கொடுத்தார். சின்ன மகன் கார்ச் சாவியைச் சட்டைப் பையில் தேடினார். மகள் மாரியம்மா அக்காவிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

“சொல்லுங்க” என்றேன் மறுபடியும்.